ஆபீஸ் ஃப்ரிட்ஜும் தலையாட்டி பொம்மையும்: மூன்று வருட அனுபவம்

2022 ஜூனில் எங்கள் ஆடிட்டர் ஆபீஸுக்கு ஒரு ஃப்ரிட்ஜ் வாங்கினோம். சிங்கிள் டோர், 190 லிட்டர். அப்போது 8 பேர் இருந்தோம், இப்போது 14 பேர்.

குளிர்ச்சியில் குறை இல்லை. கோவை வெயிலிலும் நடு அளவில் வைத்தாலே தயிர் புளிக்காமல் நிற்கிறது. யாராவது கடைசி வரை திருகிவிட்டால்தான் தயிர் கட்டியாகி, ஃப்ரீசரில் ஐஸ் சுவர் எழும்பும். சுடச்சுட சாப்பாட்டை உள்ளே வைத்தாலும், கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு பேசினாலும் அப்படித்தான். உள்ளே போகிற காற்றின் ஈரம் ஐஸாக மாறும்.

முதல் வருடம் ஒருவர் அந்த ஐஸை ஸ்க்ரூடிரைவரால் குத்தினார். குழாயில் ஓட்டை விழுந்து கேஸ் போய்விட்டது. ஒரு வாரம் ஃப்ரிட்ஜே இல்லை. தயவுசெய்து குத்தாதீர்கள். சனிக்கிழமை சாயங்காலம் உள்ளே இருப்பதை எல்லாம் எடுத்துவிட்டு டிஃப்ராஸ்ட் பட்டனை அழுத்தினால் போதும். ஐஸ் உருகியதும் தானாகவே ஓட ஆரம்பித்துவிடும். தட்டில் சேரும் தண்ணீரைக் கொட்ட மட்டும் ஒரு ஆள் வேண்டும்.

அந்த ஒரு ஆள் யார் என்பதில்தான் மாதக்கணக்கில் இழுபறி. மேனேஜர் கையெழுத்தோடு அறிவிப்பு ஒட்டினோம், யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. முறை போட்டு அட்டவணை எழுதினோம், இரண்டாவது வாரமே நின்றுபோனது. தோசை மாவு பாக்கெட் பொங்கி கீழ்த்தட்டு வரை வழிந்த அன்று, கணக்கு எழுதும் அக்கா ஒரு பழைய தயிர் டப்பா மேல் சீட்டு ஒட்டினார்: "நான் திங்கட்கிழமை வந்தேன். இன்னைக்கு வெள்ளி. என்னைக் கூட்டிட்டுப் போக யாரும் வரலையா?"

ஆபீஸே சிரித்தது. பத்து நிமிஷத்தில் டப்பா காணாமல் போனது. அறிவிப்பு சாதிக்காததை அந்தச் சிரிப்பு சாதித்தது. யாரையும் குற்றவாளியாக நிறுத்தாததால், டப்பாக்காரரும் கூடச் சிரித்தபடியே வந்து எடுத்துப்போக முடிந்தது.

அக்காதான் பிறகு ஒரு தஞ்சாவூர் தலையாட்டி பொம்மையும் கொண்டுவந்தார். பொம்மை யார் மேசையில் இருக்கிறதோ அவருக்கு அந்த வாரம் ஃப்ரிட்ஜ் பொறுப்பு. சனிக்கிழமை பட்டன், தண்ணீர், சோப்புத் துணியால் ஒரு துடைப்பு, அப்புறம் பொம்மையை அடுத்த மேசைக்கு நகர்த்த வேண்டும். "பொம்மை யார்கிட்ட?" என்று ஒருவர் குரல் கொடுத்தாலே வேலை நடந்துவிடுகிறது. இரண்டு வருடமாக ஒரு வாரம்கூட விட்டுப்போகவில்லை.

ஒரே ஒரு முறைதான் இந்தச் சீட்டுப் பழக்கம் தப்பாகப் போனது. டேட்டா என்ட்ரி செய்யும் பெண் கொண்டுவந்த கருவாட்டுக் குழம்பு டப்பா மேல் யாரோ "உள்ளே யாரோ செத்துட்டாங்க" என்று எழுதி ஒட்டியிருந்தார்கள். படித்துச் சிரித்தவர்களில் நானும் உண்டு. அந்தப் பெண் அன்று டப்பாவைத் திறக்கவே இல்லை. அக்கா சீட்டைக் கிழித்துப் போட்டு, "மறந்துட்டுப் போனதைக் கிண்டல் பண்ணலாம், சாப்பிடுறதைப் பண்ணக்கூடாது" என்றார். மறுநாள் அவரே நெத்திலிக் கருவாடு பொரித்துக் கொண்டுவந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார். அப்படியும் அவள் திரும்ப மீன் கொண்டுவர ஒரு மாதம் ஆனது. வீட்டுச் சாப்பாட்டை ஒளித்து வைத்துச் சாப்பிடும்படி ஒருத்தரை ஆக்குவது எவ்வளவு பெரிய அநியாயம் என்பது அந்த ஒரு மாதத்தில்தான் எனக்கு உறைத்தது. புளித்த மாவு வாடை வந்தால் திறந்த கிண்ணத்தில் கொஞ்சம் சமையல் சோடா வைத்தால் அடங்கும். கருவாட்டுக்கு மூடி இறுக்கமான டப்பா போதும்.

இன்னொன்று வாங்குவதானால் ஐஸ் கட்டாத ஃப்ராஸ்ட் ஃப்ரீ மாடலாக, 250 லிட்டருக்கு மேல் எடுப்பேன். 14 பேர் டப்பாவும் பால் பாக்கெட்டும் 190 லிட்டரில் அடங்கவில்லை. பொம்மை இந்த வாரம் புதிதாகச் சேர்ந்த தம்பி மேசையில் இருக்கிறது. நேற்றே வந்து, பட்டன் எங்கே இருக்கிறது என்று கேட்டுப்போனான்.