ஆளிவிதை எண்ணெயா, பாலியூரித்தேன் வார்னிஷா?

பழைய பிரிட்டிஷ் ராணுவத் துப்பாக்கியான லீ என்ஃபீல்டு ரைபிளின் வால்நட் மரக் கட்டையில், அதாவது தோளில் ஊன்றிப் பிடிக்கும் மரப் பகுதியில், அடிபட்டால் என் கை ஆளிவிதை எண்ணெய்க்குத்தான் போகும். பிரிட்டிஷ் ராணுவம் பூசியதும் அதைத்தான். அமுங்கிய இடத்தில் ஈரத்துணி வைத்து இஸ்திரிப் பெட்டியால் தொட்டால், உஸ்ஸென்று ஆவி கிளம்பி மர நார் மேலெழும். காய்ந்தபின் நைசாகத் தேய்த்து, எண்ணெயைத் துளித்துளியாக உள்ளங்கைச் சூட்டிலேயே இறக்க வேண்டும். பூச்சுக்குப் பூச்சு நிறம் ஆழமாகி, பழைய மரத்தோடு கலந்துவிடும். வாரக்கணக்கில் பொறுமை தேவை. எண்ணெய்த் துணியைச் சுருட்டிப் போடாதீர்கள், தானாகத் தீப்பற்றலாம், விரித்துக் காயவிடுங்கள்.

பாலியூரித்தேன் சீக்கிரம் காயும், ஈரத்தை நன்றாகத் தடுக்கும். மழையில் தூக்கிப்போகும் புது வேட்டைத் துப்பாக்கிக்குச் சரி. ஆனால் கீறல் விழுந்த இடத்தில் மட்டும் பூசினால் விளிம்பு காட்டிக்கொடுக்கும். பெரும்பாலும் முழுக்க உரிக்க நேரும். பழைய கட்டையில் அந்தக் கண்ணாடிப் பளபளப்பு பொருந்தவே பொருந்தாது.