பென் டிரைவில் விண்டோஸ், லினக்ஸ் ஏற்ற எந்த மென்பொருள்? ரூஃபஸ், வென்டாய், எட்ச்சர் மூன்றையும் பயன்படுத்திப் பார்த்தேன்

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்ததிலிருந்து எங்கள் வீட்டுக்குப் பழைய லேப்டாப்புகள் வந்துகொண்டே இருக்கின்றன. பக்கத்து வீட்டு அண்ணன், அக்கா மகள், அவளுடைய தோழிகள் என்று ஆளாளுக்கு ஒன்று. சிலருக்கு லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளம் போதும், சிலருக்கு விண்டோஸ் 11-தான் வேண்டும். இவற்றையெல்லாம் ஏற்றுவதற்குப் பென் டிரைவ் தயார் செய்து செய்து, எந்த மென்பொருள் எதற்கு ஒத்துவரும் என்பது எனக்கு இப்போது தெளிவாகிவிட்டது. ஒரே ஒரு லேப்டாப்புக்கு விண்டோஸ் போடுகிறீர்கள் என்றால் ரூஃபஸ், அடிக்கடி பல கணினிகளில் கை வைப்பவர் என்றால் வென்டாய். மேக் வைத்திருந்தால் எட்ச்சர்.

ரூஃபஸ் மேல் எனக்குத் தனி மரியாதை உண்டு. 2011 முதல் பீட் பட்டார்ட் என்பவர் எழுதி வருகிறார், திறமூலம் (மூலநிரலை யாரும் பார்க்கலாம்), மொத்தமே 2 எம்பி அளவுதான், இன்ஸ்டால்கூட செய்ய வேண்டாம், இரட்டைச் சொடுக்கில் திறந்துவிடும். அவ்வளவு சின்ன ஒன்று செய்கிற வேலையைப் பாருங்கள். விண்டோஸின் ஐஎஸ்ஓவுக்குள் (நிறுவல் வட்டு முழுவதையும் ஒரே கோப்பாக அடக்கியது) இருக்கும் முக்கியக் கோப்பு 4 ஜிபியைத் தாண்டிவிடுகிறது, பென் டிரைவ்களில் வழக்கமான ஃபேட்32 வடிவத்தில் அவ்வளவு பெரிய கோப்பை வைக்கவே முடியாது. அதனால் ரூஃபஸ் பென் டிரைவை என்டிஎஃப்எஸ் என்ற வடிவத்துக்கு மாற்றி, ஓரத்தில் குட்டியாக இன்னொரு பகுதியையும் சேர்த்துவிடும். என்டிஎஃப்எஸ் படிக்கத் தெரியாத யுஇஎஃப்ஐ (பழைய பயாஸுக்குப் பதிலாக வந்த தொடக்க மென்பொருள்) கணினிகூட அந்தக் குட்டிப் பகுதி வழியாக பூட் ஆகும், அதாவது பென் டிரைவிலிருந்து தொடங்கும். நாம் எதையும் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை, ஐஎஸ்ஓவைக் காட்டி ஸ்டார்ட் அழுத்தினால் சரி. ஐஎஸ்ஓ கையில் இல்லையென்றால் செலக்ட் பொத்தானுக்குப் பக்கத்து அம்புக்குறியில் டவுன்லோடு என்று மாற்றிக்கொள்ளலாம், மைக்ரோசாஃப்டின் சர்வரிலிருந்தே இறக்கித் தரும்.

விண்டோஸ் 11 என்றால் ஸ்டார்ட் அழுத்தியதும் ஒரு சின்னப் பெட்டி வரும், நிதானமாகப் படியுங்கள். டிபிஎம் 2.0 (பாதுகாப்புச் சில்லு), செக்யூர் பூட் (நம்பகமான மென்பொருளை மட்டும் தொடங்க விடும் பாதுகாப்பு), 4 ஜிபி ராம் ஆகிய நிபந்தனைகளை நீக்கவா, மைக்ரோசாஃப்ட் கணக்கு கட்டாயம் என்பதை எடுத்துவிடவா என்றெல்லாம் கேட்கும். இதற்காகவே பலர் ரூஃபஸைத் தேடி வருகிறார்கள். ஆனால் எல்லாப் பழைய கணினிக்கும் இது வழி திறக்காது: விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பிலிருந்து பிராசஸரில் எஸ்எஸ்இ4.2, பாப்கவுன்ட் என்ற கட்டளை வசதிகள் இருந்தே ஆக வேண்டும், கோர் 2 டுவோ காலத்து லேப்டாப்பில் எந்த டிக்கைப் போட்டாலும் ஏறாது. அந்த மாதிரி லேப்டாப்புகளுக்கு நான் மின்ட் போட்டுக் கொடுத்துவிடுகிறேன்.

லினக்ஸ் ஐஎஸ்ஓ என்றால் ஐஎஸ்ஓ முறையா (கோப்புகளாகக் காப்பி செய்வது) டிடி முறையா (ஐஎஸ்ஓவை அப்படியே நகலாக எழுதுவது) என்று ரூஃபஸ் கேட்கும். முதலாவதையே எடுங்கள், பூட் ஆகவில்லை என்றால் மட்டும் டிடி. டிடியில் எழுதிய பிறகு 32 ஜிபி பென் டிரைவை விண்டோஸ் சில எம்பி என்று காட்டும், கெட்டுப்போய்விட்டது என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள், ரூஃபஸிலேயே பூட் இல்லாத டிரைவாகத் திரும்ப ஃபார்மேட் செய்தால் முழு அளவும் வந்துவிடும். எனக்கு ஒரே குறை, இது விண்டோஸில் மட்டும்தான் ஓடும்.

அப்புறம் வென்டாய். 2020-இல் வந்தது, நான் பழகிய விதத்தையே மாற்றிவிட்டது. பென் டிரைவில் ஒரு முறை வென்டாயை ஏற்றிவிட்டால் போதும், அதன்பின் ஐஎஸ்ஓ கோப்புகளை சினிமா கோப்பு காப்பி செய்வது போல உள்ளே போட வேண்டியதுதான். பூட் செய்தால் பட்டியல் வரும், மின்ட், உபுண்டு, விண்டோஸ் என்று அம்புக்குறியால் தேர்ந்தெடுக்கலாம். புதுப் பதிப்பு வந்தால் பழைய கோப்பை அழித்துவிட்டுப் புதியதைப் போடுங்கள், மறுபடி எழுதும் வேலையே இல்லை. மீதி இடத்தில் வழக்கமான கோப்புகளையும் வைக்கலாம்.

செக்யூர் பூட் போட்டிருக்கும் லேப்டாப்பில் முதல் முறை ஒரு நீலத் திரை வந்து நிற்கும், பயப்பட வேண்டாம், வென்டாயின் சாவியைப் பதிவு செய்யச் சொல்கிறது, ஒவ்வொரு கணினிக்கும் ஒரு தரம் செய்தால் போதும். இன்னொரு விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். வென்டாயின் மூலநிரலோடு உள்ளே என்ன இருக்கிறது என்று எளிதில் படித்துப் பார்க்க முடியாத, ஏற்கெனவே தொகுக்கப்பட்ட பைனரி கோப்புகளும் சேர்ந்து வருகின்றன என்று பலர் கேள்வி எழுப்பியிருக்கிறார்கள், அது நியாயமான கேள்விதான். வீட்டு லேப்டாப்புக்கு நான் தயங்காமல் பயன்படுத்துகிறேன், அலுவலகக் கணினியில் செருக மாட்டேன்.

எட்ச்சர் பார்க்க அழகு. கோப்பு, டிரைவ், எழுது, மூன்றே படி, எழுதி முடித்ததும் சரிபார்க்கவும் செய்யும். ஆனால் இந்தச் சின்ன வேலைக்கு 100 எம்பிக்கும் மேல் இறக்க வேண்டியிருக்கிறது, விண்டோஸ் ஐஎஸ்ஓவைக் கொடுத்தால் இது பூட் ஆகாது என்று எச்சரிக்கிறது. மேக்கில் ரூஃபஸும் கிடையாது, வென்டாய் ஏற்றும் கருவியும் கிடையாது என்பதால் அங்கே லினக்ஸ் எழுத இதுவே எளிது.

எதை எடுத்தாலும் ஸ்டார்ட் அழுத்தும் முன் டிரைவின் பெயரையும் அளவையும் இரண்டு தரம் பாருங்கள். ஒரு நாள் எல்லாம் தயார், எச்சரிக்கைப் பெட்டியில் ஓகே மேல் சுட்டி இருக்கிறது, பின்னாலிருந்து அக்கா மகள், "மாமா, அந்த பென் டிரைவ்லதான் என் ப்ராஜெக்ட் இருக்கு" என்றாள். கேன்சல் அழுத்திவிட்டு முதலில் அதைக் காப்பி எடுத்தேன். அவள் வாய் திறந்திருக்காவிட்டால் ஒரு பருவத்து உழைப்பு போயிருக்கும்.

பென் டிரைவிலும் கஞ்சத்தனம் வேண்டாம். ஒரு கடையில் மலிவாக வாங்கிய 64 ஜிபி ஒன்று, மின்ட் பாதி ஏறும்போது தொடர்ந்து பிழை காட்டியது. கோப்பு சேதமில்லாமல் இறங்கியதா என்று காட்டும் ஐஎஸ்ஓவின் ஷா256 எண்ணைச் சரிபார்த்தேன், சரியாகவே இருந்தது. கடைசியில் ரூஃபஸில் பேட் பிளாக் சோதனையை (டிரைவில் கெட்ட இடங்களைத் தேடுவது) டிக் செய்து ஓடவிட்டபோதுதான் தெரிந்தது, பெயருக்குத்தான் 64, உள்ளே அவ்வளவு இடமே இல்லை. அந்தச் சோதனைக்கு மணிக்கணக்காகும், ஆனால் இப்போதெல்லாம் புதிதாக வாங்கும் பென் டிரைவை இரவு படுக்கப் போகும்போது அதில் போட்டுவிட்டு, காலையில் பச்சைக் கோடு முழுசாக வந்திருந்தால்தான் வென்டாயை ஏற்றுகிறேன்.