தென்னந்தோப்பில் புல் வெட்ட மினி டிராக்டர்: கிளட்ச் மாற்றிய கையோடு எழுதுகிறேன்

2025 செப்டம்பர் 22 முதல் டிராக்டருக்கு ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்தாலும் குறைந்தது, பார்க்கிறவர்கள் எல்லாம் மினி டிராக்டர் பற்றித்தான் கேட்கிறார்கள். கடைசியாகக் கேட்டது எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்து அருமனையில் இருக்கும் பெரியம்மா மகன். "தம்பி, தோப்புல புல்லு இடுப்பு உயரத்துக்கு நிக்குது, ஆளும் கிடைக்கல, நீ வச்சிருக்கிற வண்டியையே எடுத்திரட்டா?" என்றார். அண்ணனுக்கு போனில் பாதிதான் சொல்ல முடிந்தது, மீதியை எல்லோருக்கும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். வண்டி கிளட்ச் பிளேட் மாற்றி மார்த்தாண்டத்திலிருந்து இப்போதுதான் வீட்டுக்கு வந்திருக்கிறது, எனக்குக் கோபம் இன்னும் ஆறவில்லை, அதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

வண்டி 24 எச்பி, 4 வீல் டிரைவ். பின்னால் 4 அடி ஸ்லாஷர், அதாவது கனமான பிளேடு சுற்றிப் புல் வெட்டும் கருவி. கம்பெனி பெயர் போடவில்லை, ஏனென்றால் நான் சொல்லப்போகும் குறை ஒரு கம்பெனியோடு முடிகிற விஷயம் இல்லை.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். நம் மாவட்டத்தில் இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழையும் பெய்யும், துலா மழை என்கிற வடகிழக்குப் பருவமழையும் பெய்யும், அதனால் புல்லுக்கு ஓய்வே கிடையாது. பிரஷ் கட்டர்காரர் தோப்பின் ஒரு ஓரத்தில் தொடங்கி மறு ஓரம் போய்ச் சேருவதற்குள் தொடங்கிய இடத்தில் தொட்டாவாடி, கம்யூனிஸ்ட் பச்சை போன்ற களைகள் மறுபடி தலைகாட்டிவிடும். மண்ணைக் கிளறும் ரொட்டாவேட்டர் போடுகிறவர்கள் இருக்கிறார்கள், எனக்கு அதில் சம்மதம் இல்லை. தென்னையின் வேர் பெரும்பாலும் மேல்மண்ணில்தான் ஓடுகிறது, மூட்டுக்கு, அதாவது மரத்தடிக்குப் பக்கத்தில் கொத்தினால் வேர் அறுபடும், அதோடு நம் சரிவு நிலத்தில் கிளறிவிட்ட செம்மண் ஒரு பெருமழைக்கே வரப்புச் சுவரான கையாலையைத் தாண்டி ஓடைக்குப் போய்விடும். ஸ்லாஷர் மண்ணைத் தொடுவதில்லை. வெட்டின புல் அப்படியே மூடாக்காகக் கிடக்கும், வெயில் காலத்தில் அதன் அருமை தெரியும். 25 அடி இடைவெளியில் வைத்த தென்னைக்கு நடுவே இந்தச் சின்ன வண்டி திரும்புகிற அழகைப் பார்க்கவேண்டும், பெரிய 45 எச்பி வண்டி வந்தால் ஒவ்வொரு வரிசை முடிவிலும் முன்னும் பின்னும் எடுத்து எடுத்துத்தான் திருப்பவேண்டும். மழை ஈரத்தில் மேடு ஏறும்போது முன் சக்கரமும் சேர்ந்து இழுக்கிறதே, அந்த ஒன்றுக்காகவே 4 வீல் டிரைவுக்குக் கூடுதலாகக் கொடுத்த காசு எனக்கு வலிக்கவில்லை.

இனி வயிற்றெரிச்சல்.

என் வண்டி சிங்கிள் கிளட்ச். அதாவது பெடலை மிதித்தால் சக்கரத்துக்குப் போகிற ஓட்டமும் பி.டி.ஓ.வுக்கு (பின்னால் மாட்டுகிற கருவியைச் சுற்றவைக்கும் முனை) போகிற ஓட்டமும் ஒன்றாக நிற்கும். உழவுக்கும் டிரெய்லருக்கும் இதில் ஒரு தொந்தரவும் இல்லை. ஸ்லாஷருக்குத்தான் இது பெரிய வினை. புல் அடர்த்தியாக வருகிற இடத்தில் என்ன செய்யவேண்டும்? வண்டியை நிறுத்தி, பிளேடு சுற்றிக்கொண்டே இருக்க, அது வெட்டி முடித்ததும் மெல்ல நகரவேண்டும். சிங்கிள் கிளட்சில் அது முடியாது, கிளட்சை மிதித்தால் இன்ஜின் பிளேடைக் கைவிட்டுவிடும், புல்லுக்குள்ளேயே அது நின்றுபோகும். மறுபடி கிளட்சை விடும்போது அந்தப் பாரம் முழுக்கக் கிளட்ச் பிளேட்டின் தலையில். அப்படித் தேய்ந்துதான் இப்போது வண்டியை நடுவில் இரண்டாகப் பிரித்துப் பிளேட் மாற்றவேண்டி வந்தது. பிளேட் விலையைவிடப் பிரித்துச் சேர்க்கிற வேலைக்கூலிதான் மனதை அறுக்கிறது.

இதைவிட மோசமானது இன்னொன்று, இதைச் சரியாகக் கேளுங்கள். ஸ்லாஷர் பிளேடு கனமானது, அடர்ந்த புல் பிடித்து நிறுத்தாத இடத்தில் கிளட்சை மிதித்ததும் உடனே நிற்காது. அது சுற்றுகிற வேகம், ஸ்லாஷரை வண்டியோடு இணைக்கும் பி.டி.ஓ. ஷாஃப்ட் வழியாகத் திரும்பக் கியர்பாக்ஸுக்குள் வந்து சக்கரத்தைத் தள்ளும். நீங்கள் கிளட்சை முழுக்க மிதித்திருக்கிறீர்கள், வண்டி மட்டும் முன்னால் போய்க்கொண்டே இருக்கிறது! எதிரே தென்னை மூடு, அல்லது கையாலை, அந்தப் பக்கம் பத்தடிப் பள்ளம். பிரேக்கை ஏறி மிதிக்கவேண்டும், இல்லையென்றால் கியரை நியூட்ரலுக்குத் தள்ளவேண்டும், பழக்கமில்லாதவருக்கு அந்த நேரத்தில் இரண்டும் தோன்றாது. விற்ற இடத்தில் ஸ்லாஷரையும் சேர்த்துத்தான் விற்றார்கள், இது பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. உயிர் போகிற விஷயத்தைச் சொல்லாமல் சாவியைக் கையில் கொடுத்ததை என்னால் மன்னிக்க முடியவில்லை.

இதற்கு மருந்து இல்லாமல் இல்லை. ஓவர்ரன்னிங் கப்ளர் என்று ஒன்று இருக்கிறது, சைக்கிள் ஃப்ரீவீல் மாதிரி ஒரு பக்கம் மட்டும் ஓட்டம் கொடுக்கும், பிளேடின் வேகம் திரும்பி வராது. பி.டி.ஓ. முனையில் மாட்டவேண்டும், நம் வண்டிகளில் பெரும்பாலும் ஆறு பல் உள்ள 35 மில்லிமீட்டர் முனைதான், அளவு பார்த்து வாங்குங்கள். அதை மாட்டினால் நீளம் கூடும், அதற்குத் தக்கபடி ஷாஃப்டை அறுத்துக் குறைக்கவேண்டும், அப்படியே மாட்டிவிட்டால் ஸ்லாஷரைத் தூக்கும்போது ஷாஃப்ட் முட்டி பேரிங்கைக் கெடுக்கும். நான் மாட்டிவிட்டேன், இப்போது வண்டி சொன்ன இடத்தில் நிற்கிறது. ஆனால் புல்லுக்குள் பிளேடு நின்றுபோகிற தொல்லை இதனால் தீராது, அது டபுள் கிளட்ச் உள்ள வண்டியில்தான் தீரும். அதில் பாதி மிதித்தால் சக்கரம் மட்டும் நிற்கும், முழுக்க மிதித்தால்தான் பி.டி.ஓ. நிற்கும். தனி லீவரில் இயங்கும் இண்டிபெண்டன்ட் பி.டி.ஓ. கிடைத்தால் இன்னும் நல்லது.

அப்புறம், ஷாஃப்டின் பிளாஸ்டிக் உறை உடைந்தால் அன்றே மாற்றுங்கள், சாரம் (லுங்கி) கட்டிக்கொண்டு அந்தப் பக்கம் யாரையும் விடாதீர்கள். 540 ஆர்பிஎம் என்றால் நொடிக்கு ஒன்பது சுற்று, துணி சிக்கினால் ஆள் சுதாரிக்க நேரமே இருக்காது. பிளேடு கல்லைத் தெறிக்கவிடும், முன்னும் பின்னும் சங்கிலித் திரை இல்லாத ஸ்லாஷர் வேண்டவே வேண்டாம். வெட்டுவதற்கு முன்னால் விழுந்த தேங்காயையும் மட்டையையும் பொறுக்கிவிடுங்கள்.

சரி, தீர்ப்பு. இவ்வளவு புகழ்ந்த வண்டியை அண்ணன் வாங்கவேண்டாம். நான் விற்கவும் மாட்டேன், அது வேறு, எனக்கு இதன் குணம் தெரிந்துவிட்டது. அண்ணனின் தோப்பு என் தோப்பைவிடச் சரிவு, ஓட்டப்போவது அவருடைய மகன், புதுசாகப் பழகுகிற பையன். டபுள் கிளட்ச் வண்டிக்கு விலை கூடுதல் என்றால் ஜிஎஸ்டியில் மிச்சமாகும் பணத்தை அதில் போடுங்கள். அதுவரை உழவன் செயலியில் வேளாண் பொறியியல் துறை டிராக்டரை வாடகைக்குப் பதிவு செய்து ஓட்டிக்கொள்ளலாம். ஷோரூமுக்குப் போகும்போது பையனையும் கூட்டிக்கொண்டு போய், ஸ்லாஷரை மாட்டி ஓடவிட்டு, கிளட்சை மிதித்துக் காட்டச் சொல்லுங்கள். மாட்டிக் காட்ட முடியாது என்று சொன்னால் அடுத்த கடைக்குப் போங்கள்.