மதுரை வெயிலுக்கு எந்தச் சுருட்டு? உறையூர், ஹவானா, எஸ்டெலி

சித்திரைத் திருவிழா முடிந்து அழகர் மலைக்குத் திரும்பிய கையோடு மதுரையில் தொடங்கிவிடுகிற அக்கினி நட்சத்திர வெயிலில், எந்தச் சுருட்டு தன் குணம் கெடாமல் நிற்கிறது என்பதே இந்த ஒப்பீட்டில் நான் கேட்க விரும்பும் கேள்வி. சிகார்களைப் பற்றி நாம் படிக்கும் மதிப்பீடுகளில் பெரும்பாலானவை குளிர்ந்த நாடுகளின் அறைகளில் அமர்ந்து எழுதப்பட்டவை. பகலில் 40 டிகிரியைத் தொட்டு, இரவு ஒன்பது மணிக்கும் மொட்டை மாடித் தளம் காலைச் சுடுகிற ஊருக்கு அந்த மதிப்பெண்கள் அப்படியே பொருந்துவதில்லை. ஆகவே சென்ற ஓராண்டில், மாதத்துக்கு இரண்டுக்கு மேல் கூடாது என்ற கட்டுப்பாட்டுடன், மூன்று வகைகளை ஒரே மாடியில், ஒரே நாற்காலியில், இரவுச் சாப்பாட்டுக்குப் பின் மாற்றி மாற்றிப் புகைத்துக் குறிப்பெடுத்து வந்தேன். ஒன்று, திண்டுக்கல் புகையிலையின் வழிவந்த உறையூர் நாட்டுச் சுருட்டு. இரண்டாவது, கியூபாவின் ஹவானா. மூன்றாவது, நிகராகுவாவின் எஸ்டெலி நகரத்துச் சிகார். டொமினிகன் குடியரசின் சிகார் ஒன்றிரண்டு இடையில் வந்து போயின. பொது இடங்களில் புகைப்பதற்கு 2008 அக்டோபர் 2 முதல் நாடு முழுவதும் தடை இருப்பதால், மாடியைத் தவிர வேறு இடமும் எனக்கு இல்லை.

நாட்டுச் சுருட்டிலிருந்தே தொடங்குகிறேன், ஏனெனில் இதைப் பற்றித்தான் சொல்ல நிறைய இருக்கிறது, கேட்க ஆளில்லை. 'செரூட்' என்ற ஆங்கிலச் சொல் நம் சுருட்டிலிருந்து போனது. 1985 வரை மதுரை மாவட்டத்துக்குள் இருந்த திண்டுக்கல், பூட்டுக்குப் பெயர் பெற்றதைப் போலவே புகையிலைக்கும் பெயர் பெற்றது. சென்னையின் ஸ்பென்சர் நிறுவனம் அங்கே சுருட்டு ஆலை நடத்திய காலமும் உண்டு. வேடசந்தூரில் இன்றும் புகையிலை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. திருச்சிச் சுருட்டு என்றதும் சர்ச்சில் அதை விரும்பிப் புகைத்தார் என்ற கதையைச் சொல்லாமல் யாரும் மேலே நகர்வதில்லை. ஒரு சுருட்டின் தரத்துக்கு அதைப் புகைத்தவரின் பதவி சாட்சியாகாது என்பதால் நான் அதை விட்டுவிடுகிறேன்.

அமைப்பில்தான் முதல் வேறுபாடு. ஹவானாவும் எஸ்டெலியும் ஒரு முனையில் இலைத்தொப்பியால் மூடப்பட்டிருக்கும். தொப்பியின் கோட்டுக்குச் சற்று மேலே கட்டரால் நறுக்கினால்தான் புகை வரும். நாட்டுச் சுருட்டு இரு முனையும் வெட்டப்பட்டு, நெடுகிலும் ஏறக்குறைய ஒரே பருமனில் இருக்கும். உறையூரில் ஒரு வீட்டுத் திண்ணையில் சுருட்டு சுற்றுவதை அரை மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பெரியவர் ஈரத் துணிக்குள்ளிருந்து ஓர் இலையை எடுத்து, நடுநரம்பை ஒரே இழுப்பில் உரித்துப் போட்டு, உள்ளே வைக்கும் துண்டுகளை உள்ளங்கையில் அமுக்கிப் பார்த்து, பலகையில் சாய்வாக உருட்டினார். விரல் நுனியில் எடுத்த பசையை ஓரத்தில் தடவி, கத்தியால் இரண்டு பக்கமும் தட்டினார். நான் பழக்க தோஷத்தில் சட்டைப் பையிலிருந்து கட்டரை எடுத்தபோது, "அதுக்கு இங்க வேலை இல்லைங்க தம்பி, ரெண்டு பக்கமும் வழி விட்டாச்சு, ஆனா மெதுவா இழுங்க, இது பீடி இல்ல" என்றார். அந்த ஓர் அறிவுரையை நான் பின்பற்றாத நாள்களில் எல்லாம் நாக்கு எரிந்தது.

சுவையில் நாட்டுச் சுருட்டு ஒற்றைக் குரல் கொண்டது. முதல் இழுப்பில் வருகிற காரமும் மண்வாசமும் கடைசி வரை அப்படியே இருக்கும். இடையில் திருப்பம் எதுவும் கிடையாது. மிளகு, சற்றே கருகிய வைக்கோல், வெயிலில் உலர்ந்த இலையின் ஓர் உவர்ப்பு, அவ்வளவுதான். புதிதாக வாங்கிய கட்டில் அம்மோனியா நெடி மூக்கைக் குத்தும். காகிதத்தைப் பிரித்து இரண்டு வாரம் காற்றாட வைத்தால் பாதி அடங்கிவிடுகிறது. கையால் செய்வதால் ஒரே கட்டுக்குள் ஒன்று லேசாக இழுபட, அடுத்தது அடைத்துக்கொள்வதும் சாதாரணம். கருப்பசாமி கோயில்களின் வாசல் கடைகளில் மாலையோடும் சூடத்தோடும் படையலுக்கு விற்கப்படுவது வேறு தரம். அதைச் சாமிக்கே விட்டுவிடுவது நல்லது. இருபத்தைந்து நிமிடத்தில் முடிந்துவிடுகிற சுருட்டு என்பதால், மறுநாள் அதிகாலையில் எழ வேண்டியவர்களுக்கு இது வசதி.

ஹவானாவின் பெருமை வேறு வகையானது. கியூபாவின் மேற்குக் கோடியில் பினார் டெல் ரியோ மாநிலத்தில் உள்ள வுவெல்டா அபாஹோ என்ற செம்மண் பகுதியின் இலைதான் அதன் உயிர். நான் எடுத்துக்கொண்டது மான்டெகிறிஸ்டோ நம்பர் 4; ஐந்து அங்குலத்துக்குச் சற்று அதிகமான நீளம், 42 ரிங் பருமன். (ரிங் என்பது ஓர் அங்குலத்தை 64 பங்காக்கி எண்ணுவது, 50 ரிங் என்றால் 2 செ.மீ.க்குச் சற்றுக் குறைந்த விட்டம்.) நன்றாக அமைந்த நாளில் இதற்கு ஈடு இல்லை. பழைய மரப்பெட்டியைத் திறந்தால் வரும் வாசம், பிறகு பக்கத்துத் தெருவில் யாரோ காப்பிக்கொட்டை வறுக்கிறாற்போல ஒரு நெடி, இரண்டாம் பாதியில் தேனின் மெல்லிய இனிப்பு என்று ஒன்றன்பின் ஒன்றாக இறங்கி வரும். புகையை மூக்கு வழியாக மெதுவாக விட்டால் அந்த அடுக்குகள் இன்னும் துலங்கும். ஆனால் நான் புகைத்த எட்டில் மூன்று அடைத்துக்கொண்டன. ஒரு சிகார் இழுபடாமல் போவதைவிட எரிச்சலூட்டுவது, அதற்குக் கொடுத்த விலையை நினைத்துக்கொண்டு அதை இழுக்க முயல்வதுதான். 2022-இல் கொஹீபா முதலிய உயர்வகைகளின் விலையை உலகெங்கும் ஹாங்காங் விலைக்கு இணையாக உயர்த்தினார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் இயான் புயல் பினார் டெல் ரியோவின் இலை உலர்த்தும் கொட்டகைகளை நாசமாக்கியது. நம்மைப் போன்ற சில்லறை வாடிக்கையாளருக்கு ஹவானா எட்டாக்கனி ஆகிக்கொண்டே போகிறது.

எஸ்டெலியின் கதை ஹவானாவின் கதையிலிருந்தே பிரிகிறது. 1960-இல் கியூப அரசு சிகார் ஆலைகளை நாட்டுடைமையாக்கியபோது, தலைமுறை தலைமுறையாக அந்தத் தொழிலில் இருந்த குடும்பங்கள் பல நாட்டை விட்டு வெளியேறின. அவர்களது கைப்பக்குவமும் கியூப விதையின் வழிவந்த இலையும் நிகராகுவாவிலும் ஹோண்டுராஸிலும் டொமினிகன் குடியரசிலும் வேர்விட்டன. எரிமலைச் சாம்பல் கலந்த எஸ்டெலியின் கரிய மண் இலைக்குக் காரத்தைத் தருகிறது. அதே நாட்டின் ஹலாபா பள்ளத்தாக்கு இலை இனிப்பைச் சேர்க்கிறது. நான் எடுத்துக்கொண்டது ஐந்து அங்குலம், 50 ரிங் கொண்ட, ரொபஸ்டோ எனப்படும் குட்டைத் தடி அளவு. முதல் ஐந்து நிமிடம் மிளகு ரசம் போலத் தொண்டையில் ஏறும். அது அடங்கியதும் கொக்கோவின் கசப்பும் வறுத்த கொத்தமல்லி விதையின் வாசமும் வரும். ஹவானாவின் நளினம் இதில் இல்லை என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் எட்டில் எட்டும் தடையின்றி இழுபட்டன. சாம்பல் ஓர் அங்குலத்துக்கு மேல் உதிராமல் நின்றது. நாட்டுச் சுருட்டின் சாம்பலோ கருஞ்சாம்பல் செதிலாக வேட்டியில் விழுந்துகொண்டே இருந்தது.

இனி, இந்த ஊரில் எல்லாவற்றையும் தீர்மானிக்கிற விஷயமான பாதுகாப்புக்கு வருகிறேன். ஹவானாவையும் எஸ்டெலியையும் 65 முதல் 70 விழுக்காடு ஈரப்பதத்திலும், 18 முதல் 21 டிகிரி வெப்பத்திலும் வைக்கச் சொல்கிறார்கள். மதுரையில் மே மாதப் பகலில் காற்றின் ஈரம் நாற்பதுக்கும் கீழே இறங்கும். ஐப்பசி அடைமழையில் எண்பதைத் தாண்டும். முதலாவதில் மேலிலை வெடிக்கும், இரண்டாவதில் பூஞ்சை பூக்கும். இவற்றையும் விடப் பெரிய ஆபத்து புகையிலை வண்டு. இலைக்குள் கண்ணுக்குத் தெரியாமல் உறங்கும் அதன் முட்டைகள், வெப்பம் 24 டிகிரியைத் தாண்டத் தாண்டப் பொரிந்து புழுவாகின்றன. முதல் ஆண்டு நான் ஒரு பெருநகரக் கடையிலிருந்து மே மாதத்தில் கூரியரில் வரவழைத்த பெட்டியை, விவரம் தெரியாமல் பீரோவுக்குள் வைத்துவிட்டேன். மூன்று வாரம் கழித்துத் திறந்தபோது இரண்டு சிகார்களில் குண்டூசியால் குத்தியது போன்ற துளைகள். கவிழ்த்துத் தட்டினால் பழுப்புத் தூள் கொட்டியது. கடைக்காரர் வெயிலைக் குறை சொன்னார், நான் அவரைக் குறை சொன்னேன், பணம் திரும்பவில்லை.

அதன்பிறகு வருகிற எதையும் காற்றுப் புகாத உறையில் இட்டு, ஒரு நாள் பிரிட்ஜின் கீழ்த்தட்டிலும், மூன்று நாள் ஃப்ரீசரிலும், மீண்டும் ஒரு நாள் கீழ்த்தட்டிலும் வைத்த பிறகே சேமிப்பில் சேர்க்கிறேன். ஹியூமிடார் எனப்படும், ஈரப்பதம் காக்கும் விலை உயர்ந்த மரப்பெட்டி இங்கே அவசியமில்லை. மரப்பெட்டி நம் கோடையில் ஈரத்தை விட்டுவிடும். மூடி இறுகும் எவர்சில்வர் சம்படத்தில் தேவதாரு மரச் சீவல் ஒன்றையும், 65 விழுக்காடு ஈரப்பதப் பொட்டலம் ஒன்றையும் போட்டு, ஏசி ஓடுகிற அறையின் அடித்தட்டில் வைத்தால் போதும். ஈரமானியை நம்புவதற்கு முன் சோதிக்க வேண்டும்: பாட்டில் மூடியில் உப்பை ஈரமணலின் பதத்துக்கு நனைத்து, அதையும் மானியையும் ஒரு டப்பாவில் சேர்த்து மூடி, பன்னிரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தால் 75 காட்ட வேண்டும். என்னுடையது 69 காட்டியது; ஆறு புள்ளிகளைக் கூட்டியே படிக்கிறேன்.

இந்தப் பாடுகள் எதுவும் நாட்டுச் சுருட்டுக்கு இல்லை. அது உலர்ந்த நிலையிலேயே புகைக்கப்படுவது. காகிதக் கட்டோடு அலமாரியில் கிடந்தாலும் கோடையில் அதன் குணம் குறைவதில்லை. மழைக்காலத்தில் மட்டும் சற்று நமத்துப்போகும். அப்போது ஒரு மணி நேர வெயில் போதும். பராமரிப்பில் மட்டும் மதிப்பெண் இட்டால் உறையூர் முதலிடம், எஸ்டெலி இரண்டாமிடம், ஹவானா கடைசி. ஒரே சம்படத்தில் ஒரே ஈரத்தில் இருந்தும், தடித்த ரொபஸ்டோவைவிட மெலிந்த ஹவானா பருவ மாற்றத்துக்கு விரைவாகச் சுணங்கியதை நான் திரும்பத் திரும்பப் பார்த்தேன்.

எரிவதிலும் ஊரின் பங்கு உண்டு. மாடியில் புழுக்கம் தாங்காமல் மின்விசிறியை வைத்துக்கொண்டால் கங்கு ஒரு பக்கமாக ஓடிவிடும்; ஹவானா இதில் மிகவும் கோபித்துக்கொள்கிறது, நாட்டுச் சுருட்டு அணைந்தே போகிறது. பற்றவைக்கக் கோவில்பட்டித் தீக்குச்சியே போதுமானது. மருந்து எரிந்து, மரம் மட்டும் எரியத் தொடங்கும் வரை பொறுத்திருந்து பிறகு முனையில் காட்ட வேண்டும். பொறுமை இல்லாதவர்களுக்கு முதல் இழுப்பு கந்தகமாக இருக்கும்.

உடன் குடிப்பதற்கு எஸ்டெலியோடு சுக்குமல்லிக் காப்பி பொருந்துகிறது. காரத்துக்குக் காரம் சரியாகிவிடும். ஹவானாவுக்குச் சர்க்கரை குறைந்த பில்டர் காப்பி. கனெக்டிகட் என்ற வகை மேலிலை சுற்றிய டொமினிகன் சிகார் ஒன்றைப் பருத்திப்பாலோடு புகைத்தது எதிர்பாராத நல்ல சேர்க்கை. கருப்பட்டியும் அந்தச் சிகாரின் வைக்கோல் வாசமும் ஒன்றையொன்று தாங்கின. ஜிகர்தண்டாவோடு எதுவும் சேரவில்லை. பாலேடு நாக்கில் படிந்த பிறகு எந்தப் புகையும் சுவையாவதில்லை.

வாங்குவது பற்றிச் சுருக்கமாக. துபாயிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் வருகிற உறவினரிடம் சொல்லி வைப்பவர்கள், ஒரு பயணிக்குத் தீர்வையின்றி 25 சிகார் வரைதான் அனுமதி என்பதை நினைவில் கொள்ள வேண்டும். கொஹீபா என்று கண்ணாடி மூடிப் பெட்டியில் யாராவது கொடுத்தால் அது போலி. அசல் பெட்டியின் அடியில் ஆலைக் குறியீடும், பெட்டியில் அடைத்த மாதமும் ஆண்டும் ஸ்பானிய மொழியில் முத்திரையாக இருக்கும். என் தாய்மாமன் பெருமையாகக் கொண்டுவந்த கண்ணாடி மூடிப் பெட்டியைப் பார்த்து நான் எதுவும் சொல்லவில்லை. "எப்படி மாப்ள இருக்கு?" என்று கேட்டபோது, "மணமா இருக்கு மாமா" என்று சொல்லி ஒன்றை முக்கால்வாசி புகைத்தேன், அது நம் நாட்டுச் சுருட்டைவிடவும் கேவலமாக இருந்தது.

உள்ளே இழுக்காததால் சிகாரில் தீங்கில்லை என்று நம்புகிறவர்கள் உண்டு, அது தவறு. சிகாரின் புகை காரத்தன்மை கொண்டது, ஆகவே நிகோடின் வாயின் சவ்வு வழியாகவே இரத்தத்தில் ஏறிவிடும். வெறும் வயிற்றில் எஸ்டெலியைத் தொட்டவருக்குத் தலை சுற்றுவது இதனால்தான். வாய்ப் புற்றுநோய்க்கும் மூன்று வகைகளில் எதுவும் விதிவிலக்கல்ல. என் மாதம் இரண்டு என்ற கணக்கு அதற்காகவே; அதுவும் குறைய வேண்டும் என்பது வீட்டில் உள்ளவர்களின் கருத்து.

எனவே பங்குனி முதல் ஆவணி வரை என் கை எஸ்டெலிக்கே போகிறது. நேரம் இல்லாத இரவுகளில் உறையூர். சுவையில் முதலிடத்தை ஹவானாவிடமிருந்து பறிக்க எனக்கு மனம் வரவில்லை, ஆனால் அதை இந்த வெயிலில் எரிப்பது அதற்குச் செய்யும் அநியாயம். மீதமிருக்கும் நான்கு மான்டெகிறிஸ்டோவையும் தனிச் சம்படத்தில் இட்டு, மூடியைச் சுற்றி டேப் ஒட்டி, அதன்மேல் 'மார்கழி' என்று எழுதி வைத்திருக்கிறேன்.