அன்றாட இயற்பியல் பாடம்: கடற்கரை ஊரில் சில பருவங்கள் நடத்திய பிறகு

வணிகவியல், வரலாறு, தமிழ் எடுத்த முதலாமாண்டுப் பிள்ளைகளுக்கான விருப்பப் பாடம் இது. வாரம் 2 மணி நேரம், பருவத்துக்கு 30 மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். கால்குலஸ் கிடையாது; பானை, குக்கர், மின்விசிறி, போன் இவைதான் ஆய்வகம். கடலூர், புதுச்சேரிப் பக்கம் பருவம் பருவமாக நடத்தியதில் ஒன்று தெளிவு: ஸ்லைடு போட்டால் இரண்டாவது வாரமே வகுப்பு தூங்கும், அளக்கச் சொன்னால் விழித்துக்கொள்ளும். சிக்கல் என்னவென்றால், தயார்க் குறிப்புகளில் இருக்கிற எண்கள் பல இந்தக் கரைக்கு ஒத்துவராது.

மண்பானையையே எடுத்துக்கொள்வோம். பானைத் தண்ணீர் 10 டிகிரி வரை குறையும் என்று படித்துவிட்டு வருவார்கள். கடற்காற்று ஏறிய பிற்பகலில் அளந்தால் 3, 4 டிகிரியைத் தாண்டாது. உடனே பானை மேல் பழி விழும். ஆவியாதல் எவ்வளவுதான் குளிர்வித்தாலும் ஈரக்குமிழ் வெப்பநிலைக்கு, அதாவது ஈரத்துணி சுற்றிய வெப்பமானி காற்றோட்டத்தில் காட்டும் அளவுக்கு, கீழே இறங்க முடியாது. காற்று 33 டிகிரி, ஈரப்பதம் 75 சதவீதம் என்றால் அந்த எல்லை சுமார் 29. மே, ஜூனில் மேல்காற்று அடிக்கும்போது 38 டிகிரியும் 40 சதவீதமும் இருந்தால் எல்லை சுமார் 27. வெயில் கொளுத்துகிற நாளில்தான் பானைத் தண்ணீர் அதிகச் சில்லென்று இருக்கும். இதை யாரும் சொல்லித்தர வேண்டாம், முற்பகல் ஒன்று, கடற்காற்று வந்த பின் ஒன்று என இரண்டு அளவு எடுத்தால் அவர்களே பிடித்துவிடுவார்கள்.

செய்முறை: புதுப் பானையை ஓர் இரவு தண்ணீரில் ஊறப்போட வேண்டும். பக்கத்திலேயே அதே அளவு தண்ணீரோடு ஒரு எவர்சில்வர் குடம், ஒப்பிடுவதற்கு. இரண்டும் நிழலில், காற்றோட்டத்தில், 3 மணி நேரம். இரண்டு வெப்பமானிகளில் ஒன்றின் குமிழில் ஈரமான காடாத் துணியைச் சுற்றி, விசிறிக்கு எதிரே 5 நிமிடம் வைத்தால் ஈரக்குமிழ் அளவு கிடைக்கும். துணி காய்ந்துவிட்டால் எண் ஏறிவிடும்; பாதிப் பேர் தப்பு செய்வது இங்கேதான். வெளியே பெயின்ட் அடித்த அலங்காரப் பானை வேலைக்கு ஆகாது, துளைகள் அடைந்திருக்கும். உப்புப் பூத்த பழைய பானைக்கும் அதே கதி.

பானையை எடை போடவும் மறக்கக் கூடாது. 1 கிராம் ஆவியாகப் போக ஏறக்குறைய 2,400 ஜூல் வேண்டும். 100 கிராம் குறைந்திருந்தால், அந்தக் கணக்குப்படி 5 லிட்டர் தண்ணீர் 11 டிகிரிக்கு மேல் குளிர்ந்திருக்க வேண்டும். குளிர்ந்தது 4 தான். மீதி வெப்பம் சுற்றியிருக்கிற காற்றிலிருந்து வந்தது. வகுப்பு நன்றாகச் சூடுபிடிப்பது இந்த இடத்தில்.

அடுத்தது இபி மீட்டர். எலக்ட்ரானிக் மீட்டரில் சின்ன சிவப்பு விளக்கு மினுக்கும். ஒரு யூனிட்டுக்கு எத்தனை மினுக்கு என்று முகப்பிலேயே அச்சிட்டிருக்கும். ஒரு யூனிட் என்பது 36 லட்சம் ஜூல்; 3200 என்று இருந்தால், அதை 3200 ஆல் வகுக்க ஒரு மினுக்குக்கு 1125 ஜூல். 75 வாட் மின்விசிறி மட்டும் ஓடினால் 15 விநாடிக்கு ஒரு மினுக்கு. மின்சாரத்தை மிச்சம் பிடிக்கிற 30 வாட் பிஎல்டிசி விசிறி என்றால் 37 விநாடிக்குக் கொஞ்சம் மேல். ஒரு மினுக்கை வைத்து முடிவு கட்டாமல் 10 இடைவெளிக்கு நேரம் எடுக்க வேண்டும். கணக்கு உதைத்தால் முதலில் இன்வெர்ட்டரைப் பாருங்கள். சத்தமில்லாமல் பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றிக்கொண்டிருக்கும். அதற்கடுத்த ஆள் ஃபிரிட்ஜ். பழைய பெட்டி ரெகுலேட்டர் உள்ள வீட்டுப் பிள்ளை கிடைத்தால் அதிர்ஷ்டம்: வேகத்தைக் குறைத்தாலும் ஒரு பங்கு மின்சாரம் பெட்டிக்குள் சூடாகப் போவது மினுக்கிலேயே தெரியும்.

போனுக்கு ஜெர்மனியின் ஆகன் பல்கலைக்கழகத்தின் பைஃபாக்ஸ் செயலி, இலவசம். மேசையில் சும்மா கிடக்கிற போனின் முடுக்க உணரி ஏன் 9.8 காட்டுகிறது என்பதுதான் முதல் கேள்வி. அது அளப்பது மேசை மேல்நோக்கித் தாங்குவதை. தலையணை மேல் விழவிட்டால் விழுகிற நேரத்துக்கு எண் பூஜ்யத்துக்கு அருகே வரும். சில போன் 9.6 காட்டும், சில 10. முகம் மேலே ஒரு தடவை, கீழே ஒரு தடவை வைத்து, குறியை விட்டுவிட்டு இரண்டு எண்ணுக்கும் சராசரி எடுத்தால் சரியாகும். விலை குறைந்த போன்களில் சுழற்சியை அளக்கும் கைரோஸ்கோப்பும் அழுத்த உணரியும் இருக்காது. அவற்றை நம்பிய பயிற்சிகளைத் தூக்கிவிடுவது நல்லது.

கடல் தண்ணீரில் முட்டை மிதக்கும் என்பது இன்னொரு கதை. நல்ல முட்டை மூழ்கத்தான் செய்யும். மிதக்க லிட்டருக்கு 130, 140 கிராம் உப்பு வேண்டும். கல்லுப்பைப் போட்டு ஒழுங்காகக் கலக்காவிட்டால் அடியில் மட்டும் கரைசல் கெட்டியாகி முட்டை நடுவில் தொங்கும்.

குக்கரைச் சூடாக்கவே வேண்டாம். வெயிட்டை எடை போட்டு, ஆவிக்குழாய்த் துளையின் விட்டம் பார்த்தால் அழுத்தம் வந்துவிடும்: துளை 3 மில்லிமீட்டர், வெயிட் 70 கிராம் என்றால் சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 1 கிலோ. ஸ்கேல் வைத்து அளந்தால் விட்டத்தில் 10 சதவீதப் பிழை, அழுத்தத்தில் 20 ஆகிவிடும். டிரில் பிட்டின் காம்பைச் செருகிப் பார்க்க வேண்டும். 3 மில்லிமீட்டர் காம்பு ஆட்டமில்லாமல் நுழைந்தால் துளை 3.

புவியீர்ப்பு முடுக்கம் அளக்கிற ஊசலுக்குப் பருத்தி நூல் வேண்டாம், ஈரத்தில் நீளம் மாறும். மீன்பிடிச் சாமான் கடையில் தங்கூசி நரம்பு (நைலான் இழை) கிடைக்கும். இரும்பு எடைக்கல், கிளிப் எல்லாம் உப்புக் காற்றில் ஒரே மழைக்காலத்தில் துருப்பிடிக்கும். பித்தளையோ எவர்சில்வரோ வாங்குங்கள். மல்டிமீட்டரில் பேட்டரியை விட்டு வைக்கக் கூடாது.

மதிப்பெண்ணை விடைக்கு வைத்தால் எல்லா நோட்டிலும் 9.8 தான் இருக்கும். இங்கே சரியான மதிப்பு 9.78. ஒரு மீட்டர் ஊசலில் குண்டின் நடுவரை அளக்காமல் நூலை மட்டும் அளந்தால் 1 சென்டிமீட்டர் குறைந்து 9.68 வரும். அந்த 9.68ஐ அப்படியே எழுதி, எங்கே குறைந்தது என்று பக்கத்தில் குறித்திருந்தால் முழு மதிப்பெண்.