காசு கொடுத்து வாங்கும் பேர்சியனா, வாசலுக்கு வந்த தெருக்குட்டியா?

கொழும்பில் பூனைக்குட்டி வீட்டுக்கு வரும் வழி பெரும்பாலும் இரண்டு. விளம்பரம் பார்த்து விலை பேசி வாங்கும் பேர்சியன் ஒன்று. வெள்ளவத்தைச் சந்தைப் பக்கத்திலோ கொட்டாஞ்சேனை ஒழுங்கை ஒன்றிலோ கத்திக்கொண்டு நின்று, பிள்ளைகளின் கையோடு வந்துவிடும் தெருக்குட்டி மற்றது. ஒன்றுக்குக் காசு, மற்றது சும்மா என்றுதான் வீடுகளில் கணக்குப் போடுகிறார்கள். மிருக வைத்தியரின் மேசையில் குட்டியை ஏற்றியவுடன் அந்தக் கணக்குப் பிழைத்துவிடும்.

ஏனென்றால், தடுப்பூசி விஷயத்தில் இரண்டுக்கும் ஒரே செலவு. மூன்று நோய்களுக்கான கூட்டுத் தடுப்பூசியை 6 முதல் 8 கிழமை வயதில் தொடங்கி, மூன்று நான்கு கிழமைக்கு ஒருமுறையாக 16 கிழமை ஆகும்வரை போட வேண்டும். தாயிடமிருந்து வந்த எதிர்ப்புச் சக்தி உடம்பில் இருக்கும்வரை ஊசி சரியாகப் பிடிக்காது. அது எப்போது தீரும் என்பது குட்டிக்குக் குட்டி வேறுபடும். ஆகவே ஒரே ஊசியோடு நிறுத்துவது போட்ட காசையும் வீணாக்குவதாகும். இந்த மூன்றில் கொடியது பான்லியூக்கோபீனியா. வெள்ளை அணுக்களை அழித்து, வாந்தியும் வயிற்றோட்டமுமாகச் சில நாட்களிலேயே குட்டியைக் கொண்டுபோய்விடும். அந்த வைரஸ் வீட்டுத் தரையில் ஒரு வருடம்கூட உயிரோடு இருக்கும். சாதாரண சோப்புக்கு அது சாகாது, வெளிற்றும் திரவம் வேண்டும்.

12 கிழமைக்குப் பிறகு விசர்நோய்த் தடுப்பூசி. "வீட்டை விட்டு இறங்காத பூனைக்கு எதற்கு அது?" என்று கேட்கிறவர்கள் கொழும்பின் கூரைகளில் இரவில் ஓடும் மரநாய்களை நினைத்துப் பார்க்க வேண்டும். விசர்நோய் இன்னும் ஒழியாத நாடு இது. தடுப்பூசி இல்லாத பூனை கீறினாலோ கடித்தாலோ காயத்தை 15 நிமிடம் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். மனிதருக்கான ஊசி அரச ஆஸ்பத்திரியில் இலவசம்தான். ஆனாலும் அந்தப் பயத்தை ஒரு வீடு ஏன் அனுபவிக்க வேண்டும்?

இனி வித்தியாசங்களைப் பார்க்கலாம். தெருக்குட்டி கேட்கும் செலவு முதல் இரண்டு மாதத்தில் குவிந்திருக்கும். வயிறு உப்பி முதுகெலும்பு தெரிந்தால் பெரும்பாலும் பூச்சிதான். பூச்சி மருந்து நிறையைப் பார்த்துக் கொடுப்பது. ஆகவே சமையலறைத் தராசில் குட்டியை நிறுத்து, அந்த எண்ணை வைத்தியரிடம் சொல்லுங்கள். அடுத்தது தெள்ளு. ரோமத்துக்குள் கருமணலாகத் தெரிவதைச் சீப்பால் வாரி, நனைத்த வெள்ளைக் கடதாசியில் தட்டிப் பாருங்கள். சுற்றிச் சிவப்புப் படர்ந்தால் அது மண் இல்லை, தெள்ளு குடித்துக் கழித்த இரத்தம். அரைக் கிலோ குட்டியின் பல் முரசு வெளிறியிருந்தால் அன்றே வைத்தியரிடம் போக வேண்டும். அந்தச் சிறிய உடம்பில் இழக்க இரத்தம் இல்லை. காசு மிச்சம் பிடிக்கவென்று நாய்க்கு விடும் தெள்ளு மருந்தில் இரண்டு துளி விடாதீர்கள். அவற்றில் பலவற்றில் இருக்கும் பெர்மெத்ரின் பூனையைக் கொன்றுவிடும்.

ஒரு செலவைத் தள்ளிப்போடலாம். பூனை எயிட்ஸ் எனப்படும் எப்.ஐ.வி. சோதனை, ஆறு மாதத்துக்கு உட்பட்ட குட்டியில் தாயின் எதிர்ப்புச் சக்தியைக் காட்டி ஏமாற்றக்கூடும். வேறு பூனை இல்லாத வீடென்றால் காத்திருந்து செய்யலாம்.

பேர்சியனின் செலவு வேறு மாதிரியானது, அது முடிவதே இல்லை. நாள் தவறாமல் சீப்புப் பிடிக்க வேண்டும். இரண்டு கிழமை விட்டால் காதுக்குப் பின்னும் அக்குளிலும் ரோமம் கம்பளியாய் இறுகி, தோலை இழுத்துப் புண்ணாக்கும். தட்டை முகத்தால் கண்ணீர் கன்னத்தில் வழிந்துகொண்டே இருக்கும். துடைத்துவிட ஆள் வேண்டும். ஏப்ரல் வெயிலில், காற்றோட்டம் குறைந்த தொடர்மாடி அறையில், வாயைத் திறந்து மூச்சு வாங்கும் பேர்சியனைப் பார்க்கவே பொறுக்காது. படர்தாமரை இந்த இனத்தில் அதிகம், பிள்ளைகளுக்கும் ஒட்டிக்கொள்ளும். எல்லாவற்றுக்கும் மேலாகச் சிறுநீரகத்தில் நீர்க்கட்டிகள் வளரும் பரம்பரை நோய் ஒன்று உண்டு. தாய் தகப்பனில் ஒன்றுக்கு இருந்தாலே குட்டிக்கு வரப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. குட்டியில் வெளியே ஒன்றும் தெரியாது. நடுவயதில் மெலிந்து, தண்ணீர் அதிகம் குடிக்கத் தொடங்கும்போதுதான் பெரும்பாலும் தெரியவரும்.

"ஒருமுறை குட்டி போட்டால் போட்ட காசு வந்துவிடும்" என்ற பேச்சும் பேர்சியனோடு சேர்ந்தே வருகிறது. எனக்கு இது கோபத்தைத் தருகிறது. தட்டை முகப் பூனைகளுக்குப் பிரசவச் சிக்கல் அதிகம். ஒரு சத்திரசிகிச்சையோடு இலாபம் போய்விடும், சில சமயம் தாயும் போய்விடும். எந்தப் பூனையானாலும் ஐந்து மாதமளவில் கருத்தடைச் சத்திரசிகிச்சை செய்துவிடுங்கள். நான்கு மாதத்திலேயே சினைப்படும் குட்டிகள் உண்டு. மலிவென்று திரும்பத் திரும்பக் கருத்தடை ஊசி போடுவது கருப்பையில் சீழையும் மார்பில் கட்டியையும் கொண்டுவரலாம்.

சாப்பாட்டில் இரண்டுக்கும் பேதமில்லை. 2022இல் ரூபாய் விழுந்ததிலிருந்து இறக்குமதிப் பூனை உணவு பலருக்கு எட்டாமல் போனது உண்மை. ஆனால் சோறும் மீனும் பிசைந்து கொடுப்பது மட்டும் போதாது. இறைச்சியிலும் மீனிலும் உள்ள டோரின் என்ற சத்து பூனைக்குப் போதிய அளவில் உணவிலிருந்து கிடைத்தாக வேண்டும். குறைந்தால் கண்ணும் இதயமும் கெடும். குட்டிக்கான உணவைப் பிரதானமாகவும் அவித்த சாளை மீனை இடைக்கிடையும் கொடுக்கலாம். பசும்பால் வேண்டாம், வயிற்றால் போகும். காய்ச்சல் மாதிரி இருந்தால் பனடோல் துண்டு ஒன்றைக்கூடக் கொடுக்காதீர்கள். அதை உடைத்து வெளியேற்றப் பூனையின் ஈரலால் முடியாது.

என்னைக் கேட்டால், கொழும்பு வெக்கைக்கும் நம் வீட்டு வருமானத்துக்கும் தெருக்குட்டியே பொருத்தம். பேர்சியனுக்குக் கொடுக்க வைத்திருந்த காசில் அதன் முதல் வருட ஊசிகளையும் சத்திரசிகிச்சையையும் தைரியமாகத் தொடங்கலாம்.

பேர்சியன்தான் வேண்டும் என்கிறவர்கள் முற்பணம் கொடுக்கும் முன் இரண்டு கடதாசிகளைக் கேளுங்கள். ஒன்று, தாய் தகப்பனின் சிறுநீரகச் சோதனை முடிவு. மற்றது, தடுப்பூசி அட்டை. அதில் மருந்துக் குப்பியில் இருந்து எடுத்து ஒட்டிய சீட்டும், திகதியும், வைத்தியரின் கையொப்பமும் இருக்க வேண்டும். அவை இல்லையென்றால் ஊசி போடவில்லை என்றே வைத்துக்கொண்டு, முதலிலிருந்து தொடங்கும்படி உங்கள் வைத்தியரிடம் சொல்லுங்கள்.