மண்கல் வீடு: பல மழையும் பல கத்திரியும் பார்த்த பிறகு

வானூர் வட்டத்தில், திண்டிவனம்–புதுச்சேரி சாலையை விட்டு உள்ளே தள்ளியிருக்கும் கிராமம் ஒன்றில் 750 சதுர அடிக்கு மண்கல் வீடு கட்டி, 2018 தையில் குடிபோனோம். நகரத்து வாடகையை விட்டு வெளியேற வேண்டும், கைக்கு அடங்கிய செலவில் வீடு வேண்டும், அது மண்ணைப் பாழாக்காததாகவும் இருக்க வேண்டும் என்பது எங்கள் ஆசை. அதே ஆசையோடு வீட்டைப் பார்க்க வருகிறவர்கள் சுவரைத் தடவிப் பார்த்துவிட்டு முதலில் கேட்பது, "மழைக்குக் கரையாதா?" என்றுதான். கரையவில்லை. ஆனால் அதோடு நிறுத்திக்கொண்டால் கட்டப்போகிறவர்களுக்குப் பிரயோஜனம் இல்லை. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

மண்கல் என்பது பச்சை மண்சுவர் அல்ல. சலித்த செம்மண், மணல், 5 சதவீதம் அளவுக்குச் சிமென்ட், பிடித்தால் உருண்டை நிற்கும் அளவு ஈரம். இதைக் கைப்பிரஸ்ஸில் போட்டு அழுத்தி எடுத்து, நான்கு வாரம் ஈரம் காயாமல் மூடி வைத்தால் கல் தயார். சூளையும் வேண்டாம், விறகும் வேண்டாம். எங்கள் கல் 24 செ.மீ. சதுரம், 9 செ.மீ. உயரம், ஒன்று சுமார் 10 கிலோ வரும். ஆரோவில் எர்த் இன்ஸ்டிடியூட் 1989-இல் தொடங்கியது முதல் இந்த வேலையைச் சொல்லிக்கொடுத்துவருவதால், இந்தப் பக்கத்தில் கை பழகிய கொத்தனார்கள் கிடைக்கிறார்கள். இது சின்ன விஷயம் இல்லை. பழகாத ஊரில் கொத்தனாரைத் தேடிப் பிடிப்பதே பெரிய வேலையாகிவிடும்.

அதற்கும் முன்னால் உங்கள் மண்ணைப் பாருங்கள். கண்ணாடிப் பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு மண், மீதி தண்ணீர், ஒரு சிட்டிகை உப்பு. நன்றாகக் குலுக்கி ஒரு நாள் அசையாமல் வையுங்கள். சரளையும் மணலும் உடனே அடியில் உட்காரும், மேலே வண்டல், கடைசியாகக் களி படியும். மணல் பாதியும் களி ஐந்தில் ஒரு பங்கும் இருந்தால் கல் நன்றாக விழும். எங்கள் மண்ணில் களி தூக்கலாக இருந்ததால் மணல் சேர்த்தோம். கோவில்பட்டி, விருதுநகர் பக்கத்துக் கரிசல் நனைந்தால் உப்பும், காய்ந்தால் பாளம் பாளமாக வெடிக்கும். அங்கே இந்த வீட்டை அப்படியே நகல் எடுக்கக் கூடாது. அஸ்திவாரமே வேறு கணக்கு. வீட்டுக்கான பொருள் ஐந்து மைல் சுற்றுக்குள் கிடைக்க வேண்டும் என்று காந்தி சொன்னதை, கேரளத்தில் சிக்கன வீடுகள் கட்டிய கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். அதை நான் இப்படித்தான் எடுத்துக்கொள்கிறேன்: எங்கள் ஊருக்கு மண்கல், சூளை பக்கத்தில் இருக்கும் ஊருக்குச் செங்கல், கருங்கல் குவாரி இருக்கும் ஊருக்குக் கருங்கல். லாரி வைத்து 100 கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து மண்கல் இறக்கிவிட்டு, அதைச் சூழலுக்கு இணக்கமான வீடு என்று சொல்வதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

கல்லுக்குத் தோண்டும்போது மேல்மண்ணை ஒரு முழம் தனியாக ஒதுக்கிவிட்டோம். இலைதழை மக்கிய மண் கல்லுக்கு ஆகாது, தோட்டத்துக்குத் தங்கம். தோண்டிய பள்ளம் இப்போது மழைநீர்க் குட்டை.

சரி, செலவு. மண்கல் என்றதும் பாதி விலையில் வீடு முடியும் என்று எண்ணி வருகிறவர்கள் உண்டு. எங்களுக்குச் சதுர அடி ஏறக்குறைய 1,450 ரூபாயில் முடிந்தது. அதே சமயம் எங்கள் ஊரில் சாதாரண செங்கல் வீட்டுக்கு 1,700 ரூபாய் கான்ட்ராக்ட் பேசினார்கள். வித்தியாசம் அவ்வளவுதான். கம்பி, வயரிங், குழாய், கழிப்பறைச் சாமான் எல்லாம் எந்த வீட்டுக்கும் ஒரே விலை. எங்களுக்கு மிச்சமானது பெரும்பாலும் செய்யாமல் விட்ட வேலைகளில். உள்ளே வெளியே பூச்சு கிடையாது, புட்டி கிடையாது, பெயின்ட் கிடையாது. தரைக்கு டைல்ஸ் இல்லாமல் ரெட் ஆக்சைடு. கதவும் ஜன்னலும் பழைய வீடு இடித்த இடத்தில் வாங்கிய தேக்கு. தளத்துக்கு பேக்கர் கேரளத்தில் பரப்பிய முறை: கான்கிரீட்டின் அடிப்பாகம் பாரம் தாங்குவதில்லை, அங்கே கம்பிதான் இழுவையைத் தாங்குகிறது என்பதால், கம்பிக் கட்டங்களுக்கு நடுவே பழைய மங்களூர் ஓட்டை இரண்டிரண்டாகக் கவிழ்த்து வைத்து மேலே கான்கிரீட் போடுவார்கள். சிமென்டும் ஜல்லியும் குறையும், ஓடுகளுக்கு நடுவே அடைபடும் காற்று வெயிலையும் கொஞ்சம் தடுக்கும். மின்விசிறிக் கொக்கி எங்கெங்கே என்பதைத் தளம் போடும் முன்பே முடிவு செய்துவிட வேண்டும். பிறகு துளை போட்டால் ஓடு உடையும்.

கூலி மட்டும் கூடத்தான் ஆகும். பூசாத சுவரில் கோணல் ஒளியாது, அதனால் கொத்தனார் ஒவ்வொரு வரிசைக்கும் நூல் பிடித்து நிதானமாகத்தான் கட்டுவார். அவசரப்படுத்தாதீர்கள். சிமென்ட் கம்பெனிக்குப் போகிற பணம் பக்கத்து ஊர்க் கைகளுக்குப் போகிறது என்பது எனக்கு இந்த வீட்டில் பிடித்த விஷயங்களில் ஒன்று.

மழைக்கு வருகிறேன். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்து, நகராமல் நின்று கொட்டியது. புதுச்சேரியில் ஒரே நாளில் 48 செ.மீ. பதிவானது; எங்கள் பக்கமும் அதற்குச் சளைக்கவில்லை. வாசலில் தண்ணீர் இரண்டாம் படிவரை ஏறியது. இரண்டரை அடி உயரத்துக்குக் கருங்கல் பேஸ்மென்ட் கட்டியிருந்ததால் வீட்டுக்குள் வரவில்லை. காற்று அடித்த பக்கத்துச் சுவரில் உள்ளே திட்டுத்திட்டாக ஈரம் காட்டியது, வெயில் வந்ததும் காய்ந்துவிட்டது. மாடித் தண்ணீர் இறங்கும் குழாய் ஒடிந்து, சுவரின்மேலேயே இரவு முழுக்க ஊற்றிய ஓர் இடத்தில் மட்டும் இரண்டு வரிசைக் கல்லின் முகம் அரித்துப் போனது. விரலால் தேய்த்தால் மாவாக வந்தது, அதற்கு உள்ளே கல் கெட்டியாகவே இருந்தது. தோட்டத்து மண்ணையே சலித்து, சிமென்ட் கலந்து பிசைந்து கொத்தனார் அப்பிவிட்டார். இப்போது தேடிப் பார்த்தால்தான் ஒட்டு தெரியும். இதைப் பார்த்த பிறகு நான் எல்லோரிடமும் சொல்வது: கல்லில் பத்து ரூபாய் மிச்சம் பிடியுங்கள், பேஸ்மென்ட் உயரத்திலும் சன்ஷேடு அகலத்திலும் ஒரு ரூபாய்கூட மிச்சம் பிடிக்காதீர்கள். எங்களுக்குச் சுற்றிலும் இரண்டரை அடி சன்ஷேடு. அது இல்லாத மண்கல் வீடுகள் சிலவற்றில் சுவர் முகம் உதிர்வதைப் பார்த்திருக்கிறேன்.

இடம் பார்க்கிறவர்களுக்கும் இதே யோசனைதான். சித்திரையில் எல்லா மனையும் மேடாகத்தான் தெரியும். கார்த்திகையில் போய்ப் பாருங்கள். தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும், எங்கே தேங்கும் என்று அங்கே ஆடு மேய்க்கும் பெரியவரிடம் கேளுங்கள். பட்டா, வில்லங்கச் சான்றோடு, வண்டி போகும் வழி பத்திரத்தில் எழுதியிருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள்.

வெயிலில் இந்த வீடு நல்ல வீடு, அதற்காக ஏசி போட்ட வீடு என்று நினைத்து வராதீர்கள். கத்திரி வெயிலில் மதியம் மூன்று மணிக்கு உள்ளே நுழைந்தால் அப்பாடா என்று இருக்கும். ஆனால் தடித்த சுவர் பகலில் வாங்கிய சூட்டை இரவு ஏழு மணிக்கு மேல்தான் விட ஆரம்பிக்கும். மேற்குச் சுவரில் கை வைத்தால் பத்து மணிவரை வெதுவெதுப்பு இருக்கும். எதிரெதிர் ஜன்னல் இருப்பதால் காற்று வாங்கிக்கொண்டு சமாளிக்கிறோம். மே மாதத்தில் திண்ணையில் படுக்கிறோம். மாடியில் வருஷம் ஒருமுறை சுண்ணாம்பு அடித்துவிடுவதில் நல்ல வித்தியாசம் தெரிகிறது.

சின்னத் தொல்லைகளில் முதலாவது ஆணி. சுத்தியலால் அடித்தால் கல்லின் முகம் சில்லாகத் தெறிக்கும். டிரில்லிங் மெஷினிலும் ஹேமர் பட்டனை அணைத்துவிட்டு மெதுவாகத்தான் துளை போட வேண்டும். குளவிகள் இன்னொன்று. வெயில் படும் தெற்குச் சுவரில் கலவை இளகிய இணைப்புகளாகப் பார்த்துத் துளைத்துக் கூடு வைக்கும். மாசியில் ஒரு நாள் உட்கார்ந்து அந்தத் துளைகளைக் கலவையால் அடைத்துவிடுவோம். தரைக்கு மேல் ஓர் அடி உயரம்வரை சில இடங்களில் உப்பு பூத்தது. பார்த்தவர்கள் எல்லாம் சிமென்ட் பூசச் சொன்னார்கள். அப்படிப் பூசினால் ஈரம் வெளியே வர வழியில்லாமல் இன்னும் மேலே ஏறும். சுண்ணாம்புக் கலவையால் ஒரு பட்டை பூசினோம். அது மூச்சு விடுகிறது, உப்பும் நின்றது. கரையான் கல்லைத் தின்னாது, ஆனால் சுவர் வழியாக ஏறி மரத்தைத் தேடும். பரணுக்குப் போட்ட மாம்பலகையைத் தின்று தீர்த்தது, தேக்கை விட்டுவிட்டது. மழை முடிந்ததும் நிலைகளின் ஓரத்தில் மண்கோடு ஏறியிருக்கிறதா என்று ஒரு சுற்று பார்த்துவிடுவது நல்லது.

கழிப்பறைக்கு செப்டிக் டேங்க் கட்டாமல் இரட்டைக் குழி வைத்தோம், கிணற்றிலிருந்து 10 மீட்டருக்கு மேல் தள்ளி. ஒரு குழி நிறைந்ததும் அடைப்பை மாற்றி அடுத்ததற்குத் திருப்பிவிட வேண்டும். மூடிய குழியை இரண்டு வருஷத்துக்கு மேல் விட்டுத் திறந்தபோது, காபித்தூள் நிறத்தில் உதிரி மண்ணாக இருந்தது. நாற்றம் துளியும் இல்லை. தென்னைக்குப் போட்டோம். கழிவுநீர் லாரியைக் கூப்பிட வேண்டிய அவசியமே வரவில்லை. வீட்டிலேயே செலவுக்குத் தகுந்த பலன் எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். மாடி மழைநீரும் அப்படித்தான்: 750 சதுர அடியில் ஒரு செ.மீ. பெய்தால் ஏறக்குறைய 700 லிட்டர் சேரும்.

சோலார் 2024-இல், மத்திய அரசின் சூர்ய கர் திட்டத்தில் 2 கிலோவாட்டுக்கு 60,000 ரூபாய் மானியத்தோடு போட்டோம். பில் குறைந்தது. ஆனால் இது மின்வாரிய லைனோடு சேர்ந்தது. லைனில் கரன்ட் போனால் சோலாரும் நின்றுவிடும். ஃபெஞ்சலுக்குப் பிறகு மின்சாரம் இல்லாத நாட்களில், வெயில் பளீரென்று அடித்தும் வீடு இருட்டாகத்தான் இருந்தது. கிராமத்தில் போடுகிறவர்கள் சிறிய பேட்டரி ஒன்றைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

வங்கிக் கடன் கொஞ்சம் இழுத்தது. மண் என்ற சொல்லைப் பார்த்ததும் மதிப்பீட்டுக்கு வந்தவர் தயங்கினார். எங்கள் இன்ஜினியர், இந்தக் கல்லுக்கு ஐஎஸ் 1725 என்ற இந்தியத் தர நிர்ணயம் இருக்கிறது என்று எழுதி, கல்லை ஆய்வகத்தில் உடைத்துப் பார்த்த வலிமைச் சான்றையும் இணைத்த பிறகு ஒப்புக்கொண்டார்கள். அந்தச் சான்றை ஆரம்பத்திலேயே வாங்கிவைத்தால் அலைச்சல் மிச்சம்.

வருஷத்துக்கு இரண்டு மூன்று நாள் சுவரோடு செலவிட மனம் இல்லாதவர்களுக்கு, அல்லது பூட்டிவிட்டு வெளியூரில் இருக்கப்போகிறவர்களுக்கு இந்த வீட்டை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். அங்கேயே குடியிருக்கப் போகிறவர்களுக்குத் தயங்காமல் சொல்வேன். இப்போது மேற்குப் பக்கம் ஓர் அறை சேர்க்கிறோம். பிரஸ் வாடகையும் கூலியும் ஏறி, கல் விலை செங்கல்லைத் தொட்டுவிட்டது. அப்படியும் மண்கல்தான் போடுகிறோம். பூச்சும் பெயின்டும் இல்லாத மிச்சம் அப்படியே இருக்கிறது, மண்ணும் எங்கள் குட்டையை ஆழப்படுத்தினாலே கிடைத்துவிடும். இந்த முறை மேற்குச் சுவருக்கு வெளியே ஆறடியில் ஓட்டு வராந்தாவும் இறக்குகிறோம், சாயங்கால வெயில் கல்லின்மேல் விழாதபடி.